கட்டையைத் தேர்ந்த கதை: ரஞ்சன்காவ் சாலையில் ஒரு கார்பைன் வரலாறு

புனேயிலிருந்து அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டில் ஒன்றான மகாகணபதி கோயிலை நாடி வருவோருக்கு அது ஓர் ஊர். கார் தொழிற்சாலையிலும் வீட்டுப் பொருள் தொழிற்சாலையிலும் வேலை தேடி வருவோருக்கு அது வேறோர் ஊர். இவ்விரண்டுக்கும் முன்பிருந்தே அந்தச் சாலைக்கு மூன்றாவது முகம் ஒன்று உண்டு. அது படைகள் நடந்த சாலை. அதன் மேற்கு முனையில், புனேயின் பாஷாண் பகுதியில், 1958இல் தோன்றிய ஆயுத ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. அருகே கட்கியில் 1869 முதல் இயங்கும் வெடிபொருள் தொழிற்சாலை. கிழக்கு முனையில், அகமதுநகரில், இந்தியக் கவசப்படையின் பயிற்சி மையம். துப்பாக்கியை வரைபவர், அதற்குத் தோட்டா செய்பவர், பீரங்கி வண்டியின் நெருக்கடிக்குள் அதை மடித்து வைத்துக்கொள்ள வேண்டியவர் ஆகிய மூவரையும் ஒரே சாலை இணைக்கிறது.

அச்சாலையில்தான் கோரேகாவ் பீமாவும் இருக்கிறது. 1817 டிசம்பர் 31 இரவு, கேப்டன் ஸ்டாண்டன் தலைமையில் பம்பாய்ச் சுதேசிக் காலாட்படையின் ஏறத்தாழ 500 சிப்பாய்களும், புனே துணைக் குதிரைப்படையினர் சிலநூறு பேரும், சென்னைப் பீரங்கிப்படையினர் இயக்கிய இரண்டு ஆறு பவுண்டுப் பீரங்கிகளும் ஷிரூரிலிருந்து புறப்பட்டு, விடியவிடிய நடந்து, 1818 ஜனவரி 1 காலை பீமா நதிக்கரையை அடைந்தனர். இன்றைய சாலையில் அதே பயணத்தை மேற்கொள்பவர் ரஞ்சன்காவைக் கடந்துதான் செல்ல வேண்டும். எதிரே நின்ற பேஷ்வாவின் படை பன்மடங்கு பெரியது. அன்று போரிட்ட மகர் சிப்பாய்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் பொறிக்கப்பட்டதும், 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கு வந்ததும், அதன்பின் அத்தூண் பெற்ற அரசியல் பொருளும் பலரும் எழுதிய வரலாறு. இங்கு வேண்டியது அந்நாளின் ஒரு நிமிடம் மட்டுமே.

பேஷ்வாவின் அரபு வீரர்கள் ஒரு பீரங்கியைக் கைப்பற்றிவிட்டனர். படைப்பிரிவின் துணையதிகாரி லெஃப்டினன்ட் தாமஸ் பாட்டின்சன் குண்டடிபட்டுத் தரையில் கிடந்தார். ஆறரை அடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். பீரங்கி பறிபோனதை அறிந்ததும் எழுந்து, ஒரு துப்பாக்கியைக் குழல்முனையில் பற்றி, கட்டையை ஓங்கிச் சுழற்றியபடி கூட்டத்துக்குள் பாய்ந்தார் என்று மராத்தியர் வரலாற்றை எழுதிய கிராண்ட் டஃப் பதிவுசெய்கிறார். பீரங்கி மீண்டது. பாட்டின்சன் அக்காயங்களால் பின்னர் இறந்தார்.

வீரக்கதை என்ற அளவில் இதைப் படித்துவிட்டு நகர்வது எளிது. துப்பாக்கியைப் பற்றி அந்நிகழ்ச்சி சொல்வது வேறு. அக்காலத் துப்பாக்கி ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு, குண்டிட்டு, கோலால் குத்தி, அடுத்த வேட்டுக்கு ஆயத்தமாகக் கால் நிமிடம் வரை எடுக்கும். எதிரி பத்தடியில் இருக்கையில் கால் நிமிடம் என்பது இல்லாத காலம். ஆகவே நான்கரைக் கிலோவை நெருங்கும் அக்கருவி பாதி நேரம் சுடுகலனாகவும் மீதி நேரம் ஈட்டியாகவும் தடியாகவும் இருந்தாக வேண்டும். முனையில் செருகிய கத்தி அதை ஈட்டியாக்கியது. அடியில் இருந்த கனத்த மரம் அதைத் தடியாக்கியது. எனவே 'எந்தக் கட்டை நல்ல கட்டை' என்ற கேள்விக்கு அன்றைய விடை ஒன்றே: ஒரு மண்டையில் மோதினாலும் பிளவாத கட்டை.

அக்கட்டைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் சற்றுத் தயங்க நேரும். 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கிய மூலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. அதே மூலம் ஈழத் தமிழில் உயிர்களுக்கிடையே பகரம் வகரமாகித் 'துவக்கு' என நிற்கிறது. கருவிக்கு இரண்டு கரைகளிலும் இரண்டு பெயர்கள் இருப்பதுபோலவே அதன் பின்பகுதிக்கும் உண்டு. தமிழகத்துச் செய்தித்தாள்களில் அது 'துப்பாக்கிக் கட்டை'. காவலர் குடியிருப்புகளில் 'பட்'. ஈழத்துப் பேச்சில் 'சோங்கு'. இந்தியில் 'குந்தா', அதாவது மரத்துண்டு. மராத்தியில் 'தஸ்தா', அதாவது கைப்பிடி. ஒரே பொருளை இந்தி பேசுவோர் மரமாகவும் மராத்தி பேசுவோர் கையாகவும் கண்டிருக்கின்றனர் என்பது சிறிய வியப்பு. தமிழ்ச் சொற்கள் வரும் வாக்கியங்களைக் கவனித்தால் எழுவது வியப்பன்று, உறுத்தல். 'கட்டையால் தாக்கினர்', 'சோங்கால் இடித்தான்' என்றே அவை பெரும்பாலும் வருகின்றன. சுடுபவரின் தோளில் பதியும் உறுப்பாக அதைச் சொல்லும் வாக்கியம் தமிழில் அரிது. அடிபட்டவரின் பக்கத்திலிருந்தே நம் மொழி அதைப் பார்த்திருக்கிறது.

ஆனால் படைக்கல அறையில் அக்கட்டையைக் கழற்றி மாற்றுபவருக்கு அது தோளின் சிக்கல். சுடும்போது எழும் பின்னுதைப்பை உடலுக்குக் கொண்டுசெல்லும் ஒரே பாலம் அதுதான். அது நீளமாக இருந்தால் கை விசையை எட்டாமல் தவிக்கும். குட்டையாக இருந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். கன்னம் கட்டையின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண் குறிமுள்ளுக்கு நேராக வரும். எவ்வளவு நுட்பமாகக் குழலைக் கடைந்தாலும், கட்டை உடலுக்குப் பொருந்தாவிட்டால் அந்நுட்பம் வீண்.

கார்பைன் என்பது இச்சிக்கலைக் கூர்மையாக்கிய கருவி. குதிரைமீது இருப்பவன் நீண்ட துப்பாக்கியைக் கையாள முடியாது என்பதற்காகக் குறுக்கப்பட்ட சுடுகலன் அது. பெயரே பிரெஞ்சுக் குதிரைவீரர் பிரிவொன்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. கோரேகாவில் நின்ற துணைக் குதிரைப்படை போன்ற சில்லாதார் படைகளில் வீரன் தன் குதிரையையும் கருவியையும் தானே கொண்டுவருவது மரபு. அவ்வழக்கில் கட்டையின் அளவு அவனவன் விருப்பம், அவனவன் ஊர்த் தச்சனின் கைவண்ணம். வட இந்தியத் திரித்துப்பாக்கிகளின் கட்டை ஒடுங்கி நேராக இருக்கும். ஐரோப்பியத் துப்பாக்கிகளின் அகன்ற அடிப்பகுதி அதில் இல்லை. பெருந்தொகையாகச் செய்து வழங்கும் கம்பெனித் துப்பாக்கி வந்தபோதுதான் 'எல்லா உடலுக்கும் ஒரே கட்டை' என்ற எண்ணம் இங்கு நிலைபெற்றது. கம்பெனி தன் செலவைக் குறைக்க வடிவமைத்த, 39 அங்குலக் குழல் கொண்ட எளிய துப்பாக்கியை 1790களில் பிரிட்டிஷ் அரசே பிரெஞ்சுப் போருக்காக ஏற்றுக்கொண்டது. 'இந்திய மாதிரி' என்றே அதற்குப் பெயர். இந்தியாவுக்காகச் சிக்கனப்படுத்தியதை ஐரோப்பா முழுவதும் தோளில் தாங்கியது.

அதன்பின் 1903 வரை காலாட்படைக்கு நீண்ட ரைஃபிள், குதிரைப்படைக்குக் கார்பைன் என்ற பிரிவு நீடித்தது. தென்னாப்பிரிக்கப் போரின் பட்டறிவுக்குப்பின் வந்த குறுகிய லீ-என்ஃபீல்டு அப்பிரிவை அழித்தது. இருவருக்கும் இடைப்பட்ட ஒரே நீளம். வங்காளத்தின் இச்சாப்பூர்த் தொழிற்சாலை அதை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. ஒரே நீளக் குழலை எல்லோருக்கும் கொடுத்துவிட்ட பிறகு, உடல்கள் ஒரே அளவு அல்ல என்ற பழைய உண்மை கட்டையின் வழியாகத் திரும்பி வந்தது.

லீ-என்ஃபீல்டின் மரம் இரண்டு துண்டு. முன்கட்டை குழலைத் தாங்கும். பின்கட்டை தனியாக ஓர் உலோகக் குழியில் செருகப்பட்டு, உள்ளே ஓடும் நீண்ட திருகாணியால் இறுக்கப்படும். தனித்துண்டாக இருந்ததால் அதை மட்டும் மாற்ற முடிந்தது. ஆகவே பல அளவுகளில் செய்யவும் முடிந்தது. இயல்பளவுக்கு ஆங்கிலத்தின் என் எழுத்து. அதைவிட அரை அங்குலம் நீண்டதற்கு எல். அரை அங்குலம் குறைந்ததற்கு எஸ். ஓர் அங்குலம் குறைந்ததற்கு பி, அதாவது 'பாண்டம்'. எழுத்து மரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். முதல் உலகப்போரில் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைந்தவர்களைக் கொண்டு பிரிட்டனில் எழுப்பப்பட்ட படைப்பிரிவுகளுக்கும் 'பாண்டம்' என்றே பெயர். சிறிய இனக் கோழியைக் குறிக்கும் அச்சொல் ஜாவாவின் பாண்டன் துறைமுகத்திலிருந்து பிறந்தது. மிளகு வாங்கப் போன கப்பல்காரர்கள் அறிந்த ஆசியத் துறையொன்றின் பெயர், கோழியாகி, குள்ளமான ஆங்கிலச் சிப்பாயாகி, கடைசியில் ஒரு மரக்கட்டையின் அளவாகி நின்ற பயணம் இது.

பின்கட்டையை மாற்றும் வேலையில் ஒரு பொறி உண்டு. அடித்தகட்டின் துளை வழியே நீண்ட திருப்புளியை விட்டுத் திருகாணியைத் திருப்பினால் போதும் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அத்திருகாணியின் மறுமுனை சதுரமாக வெட்டப்பட்டு, முன்கட்டையில் பதித்த ஒரு தகட்டில் பொருந்தியிருக்கும். தானாகத் தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. முன்கட்டையைக் கழற்றாமல் திருகாணியைத் திருப்பினால் அச்சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். அரை அங்குலம் சரிசெய்யப் போய் முழு மரத்தையும் இழந்த கற்றுக்குட்டிகள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். பழைய ரைஃபிள்களைச் சேகரிப்போரிடையே இன்றும் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை இதுவே.

ஆள் சேர்ப்பில் உயரத்தையும் மார்பளவையும் அங்குலக் கணக்கில் குறித்து, அவ்வளவுகளைச் சாதியோடும் வட்டாரத்தோடும் பிணைத்து, 'போரினம்' என்றும் அல்லாதது என்றும் மக்களைப் பிரித்த ஓர் ஆட்சியின் படையில் இந்நான்கு கட்டைகளும் இருந்தன. அக்கொள்கையை வலுப்படுத்திய ராபர்ட்ஸ் பிரபு சென்னைப் படையின் தலைவராக இருந்தவர். சென்னைச் சிப்பாய்களின் ஆட்சேர்ப்பு சுருங்கியதில் அவர் கருத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உடல் பொருந்தவில்லையென்றால் ஆளை மாற்று என்று அக்கொள்கை சொன்னது. கட்டையை மாற்று என்று படைக்கலத் தச்சன் சொன்னான். தச்சன் சொன்னதில் அறிவு கூடுதல்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியாண்டுகளில் கார்பைன் மீண்டும் உயிர்த்தது, இம்முறை குதிரைக்காக அல்ல, காட்டுக்காக. பர்மா போன்ற அடர்காடுகளில் நீண்ட ரைஃபிள் கொடிகளில் சிக்கியது. 1944இல் லீ-என்ஃபீல்டின் குழலைச் சுமார் 64 சென்டிமீட்டரிலிருந்து 48க்குக் குறைத்து, மரத்தைச் செதுக்கித் தள்ளி, 4.1 கிலோ எடையை 3.2 கிலோவாக்கினர். 'ஐந்தாம் எண்' என்பது ஏட்டுப் பெயர். 'காட்டுக் கார்பைன்' என்று வழங்கியதே நிலைத்தது. தோட்டா மட்டும் பழையதே.

இங்குதான் இயற்பியல் கணக்கு கேட்கிறது. அதே தோட்டா கிட்டத்தட்ட அதே உந்தத்தைத் தரும்போது, துப்பாக்கியின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தோளில் வந்து மோதும் ஆற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும். இதை அறிந்திருந்த வடிவமைப்பாளர்கள் கட்டையின் அடியில் ஒரு ரப்பர் மெத்தை பொருத்தினர். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மெத்தை பழைய அடித்தகட்டைவிடக் குறுகியது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது பள்ளிப்பாடம். உதையைக் குறைக்க வைத்த மெத்தையே அதை ஒரு புள்ளியில் குவித்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல ரப்பர் இறுகி, மெத்தை என்ற பெயரும் பொருத்தமற்றதாயிற்று. இதனோடு, ஒருநாள் சரிசெய்த குறி மறுநாள் விலகி நிற்கிறது என்ற புகாரும் சேர்ந்தது. 1947இல் அதன் உற்பத்தி நின்றது. குழலைத் தேர்ந்தவர்கள் கட்டையைப் பின்யோசனையாக விட்டதன் விளைவு என்று இதைச் சொல்வது மிகையாகாது.

காட்டுக் கார்பைனுக்குத் தமிழர் வாழ்வோடு ஒரு தொடர்பு வாய்த்தது, மகிழத்தக்க தொடர்பு அன்று. அது உருவான 1944இல் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. அத்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களில் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடிந்து, பிரிட்டிஷார் திரும்பி, 1948இல் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, அதே தோட்டங்களுக்குள் படையினரும் காவலரும் ஏந்தி வந்தது அந்தக் கார்பைன். லயத்து வாசலில் நின்று சோதனையிட்டவரின் தோளில் அதன் ரப்பர் மெத்தை; எதிரே அடையாளச் சீட்டோடு நின்றவர் ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்தவர்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துப்பாக்கிக் கட்டைக்கு உலகெங்கும் முதல் தேர்வு அக்ரூட் மரம், அதாவது வால்நட். எடைக்கேற்ற வலிமை, அதிர்ச்சியைத் தாங்கும் இழை, ஈரத்தில் குறைவாகவே உப்பும் இயல்பு, உளிக்கு இணங்கும் தன்மை, ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் குணம் ஆகியவை அதற்குக் காரணம். காஷ்மீர் அக்ரூட்டுக்கு இதில் தனிப்பெயர் உண்டு. போர்க்காலத்தில் எந்த நாட்டிலும் அக்ரூட் போதவில்லை. பிரிட்டன் பீச் மரத்துக்கும், ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை குயின்ஸ்லாந்து மேப்பிளுக்கும் கோச்வுட் மரத்துக்கும், ஜெர்மனி மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த அடுக்குமரத்துக்கும் மாறின. மென்மையான மரம் உதைப்பில் நசுங்காமலிருக்க லித்கோக்காரர்கள் உள்ளே செப்புத் தகடு பதித்தனர். இச்சாப்பூர் வேறு வழி கண்டது. முன்கட்டை பிளக்கும் இடத்தில் குறுக்காக ஒரு திருகாணியை முறுக்கியது. அழகு கெட்டது, மரம் பிழைத்தது. 'இச்சாப்பூர்த் திருகு' என்று இன்று உலகச் சேகரிப்பாளர்கள் இந்திய ரைஃபிளை அடையாளம் காண்பது இந்த ஒட்டுவேலையைக் கொண்டுதான்.

விடுதலைக்குப்பின் இந்தியா தேர்ந்த கார்பைனில் மரமே இல்லை. பிரிட்டனில் ஜார்ஜ் பாட்செட் வடிவமைத்து 1953இல் அந்நாட்டுப் படையேற்ற ஸ்டெர்லிங்கை, 1960களில் உரிமம் பெற்றுக் கான்பூர்ச் சிறுபடைக்கலத் தொழிற்சாலை செய்யத் தொடங்கியது. 9 மில்லிமீட்டர்க் கைத்துப்பாக்கித் தோட்டா, ஏறத்தாழ 2.7 கிலோ எடை. தகட்டை வளைத்துச் செய்த கட்டை, கீல்களில் திரும்பிக் குழலுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். விரித்தால் 69 சென்டிமீட்டர், மடித்தால் 48. ஓட்டுநர், செய்தித்தொடர்புப் படையினர், கவசவண்டிக்குள் இருப்போர், காவல்துறையினர் எல்லோருக்கும் இது போதும் என்று கருதப்பட்டது. அகமதுநகரில் பயிற்சி பெற்ற பீரங்கிவண்டி வீரருக்கு அந்த 21 சென்டிமீட்டர் வேறுபாடு பேச்சுக்குரியதன்று. வண்டியின் மூடியிலிருந்து வெளியேறும்போது கருவி விளிம்பில் மாட்டுமா, மாட்டாதா என்பது அதைப் பொறுத்தது.

மடிக்கும் கட்டைக்குக் கொடுக்கும் விலை உறுதி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர் வான்குடைப் படைக்காகத் தம் எம்1 கார்பைனின் மரக்கட்டைக்கு மாற்றாகக் கம்பிக்கட்டை ஒன்றைப் பொருத்தினர். கன்னம் படும் இடத்தில் தோல் தைத்திருந்தார்கள். ஆனால் விரித்த நிலையில் அது பூட்டிக்கொள்ளாது. வில்லின் அழுத்தத்தில் நிற்கும். மரக்கட்டையிலோ வேறொரு நுட்பம் இருந்தது. கட்டையில் வெட்டிய துவாரத்தின் வழியே தோள்வார் நுழையும். உள்ளே செருகிய சிறு எண்ணெய்க்குப்பியே அவ்வாரைப் பிடித்துக்கொள்ளும் ஆப்பாகவும் இருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. மரத்தை எடுத்தபோது அந்தச் சிக்கனமும் போயிற்று. ஸ்டெர்லிங் கட்டை பூட்டிக்கொள்ளும். ஆயினும் விரிப்பதற்குப் பழக்கம் வேண்டும். பாட்டின்சன் செய்ததை அதைக்கொண்டு செய்ய முனைபவரின் கையில் வளைந்த தகடே மிஞ்சும்.

பாஷாணில் வடிவம் பெற்ற இன்சாஸ் ரைஃபிள் 1990களில் படைக்கு வந்தபோது இரண்டு உலகங்களையும் இணைக்க முயன்றது. நிலைக்கட்டை உள்ளது ஒன்று, மடிக்கும் கட்டை உள்ளது ஒன்று என இருவகை. நிலைக்கட்டையின் அடியில், லீ-என்ஃபீல்டில் இருந்ததுபோலவே, எண்ணெய்க்குப்பியும் துடைப்புக் கருவியும் வைக்கும் சிறுகதவு. இச்சாப்பூரில் மூன்று தலைமுறை செய்து பழகிய கை விடவில்லை. இன்சாஸ் குடும்பத்தில் ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என மூன்று உறுப்பினர் திட்டமிடப்பட்டனர். முதலிரண்டும் படையில் சேர்ந்தன. கார்பைனைத் தரைப்படை ஏற்கவில்லை. ஸ்டெர்லிங் ஓய்வுபெற வேண்டிய வயதைக் கடந்தும் பணியில் இருந்தது. அதன் இடத்தை நிரப்புவதற்கான தேடல் கால் நூற்றாண்டையும் தாண்டி நீண்டது. இவ்வளவு சிறிய ஒரு கருவிக்கு இவ்வளவு நீண்ட காத்திருப்பு நியாயமா என்று, அதைத் தோளில் சுமந்து காவல் நின்றவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாஷாண் நிறுவனம் விடவில்லை. 5.56×30 மில்லிமீட்டர் என்ற தனித்தோட்டாவுக்காக அது உருவாக்கிய கார்பைன், தரைப்படையின் பயனர் சோதனைகளின் இறுதிக்கட்டத்தை 2020 டிசம்பரில் நிறைவு செய்தது. சுமார் 3 கிலோ எடை. 100 மீட்டருக்கு மேல் பயன்தரும் எல்லை. நிமிடத்துக்கு 700க்கு மேற்பட்ட வேட்டு வேகம். கருவி கான்பூரில், தோட்டா கட்கியில் எனப் பணி பிரிந்தது. அதன் கட்டை மடங்குவதன்று, உள்ளிழுத்து நீட்டுவது. இது வெறும் வசதியன்று. மடிக்கும் கட்டைக்கு இரண்டே நிலை: உண்டு, இல்லை. இழுத்து நீட்டும் கட்டைக்குப் பல நிலைகள் இருக்கக்கூடும். லீ-என்ஃபீல்டு காலத்தில் நான்கு மரத்துண்டுகளும் ஒரு தச்சனும் நீண்ட திருப்புளியும் செய்த வேலையை இங்கு வீரனின் கட்டைவிரல் செய்துவிடுகிறது.

எந்தக் கட்டையைப் பொருத்தலாம் என்பதைக் கருவியின் வயிறும் முடிவுசெய்கிறது. அமெரிக்க எம்4 குடும்பத்தில், சுட்டபின் பின்னோடும் பொறியமைப்பை மீட்டுத்தரும் வில், கட்டைக்குள் செல்லும் குழாயில் இருக்கிறது. ஆகவே அங்கு கட்டையை நீட்டலாம், சுருக்கலாம். மடித்துவிட்டுச் சுட இயலாது. ஏகே, இன்சாஸ் போன்றவற்றில் வில் கருவியின் உடலுக்குள்ளேயே அடங்குவதால் கட்டையை எப்படியும் மடிக்கலாம், கழற்றலாம், வேறொன்றை மாட்டலாம். 2018இல் இந்தியா அமீரகத்தின் காரகல் நிறுவனத்திடமிருந்து 93,895 கார்பைன்கள் வாங்க முற்பட்டது. எம்4 வழிவந்த அமைப்பு அது. 2020இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2022இல் உள்நாட்டிலேயே ஏறத்தாழ 4 லட்சம் கார்பைன்கள் பெற ஒப்புதல் கிடைத்தது. 2025இல், பாஷாண் வடிவமைப்பை முன்வைத்த புனேயின் பாரத் ஃபோர்ஜ் குறைந்த விலை கோரிய நிறுவனமாக அமைந்தது. ரஞ்சன்காவ் சாலை புனேயைத் தொடும் பக்கத்தில், முண்ட்வாவில்தான் அதன் தலைமையகம். திருச்சித் தொழிற்சாலையும் இதில் பின்தங்கவில்லை. இன்சாஸ் செய்த அனுபவத்தோடு 2021இல் 7.62×39 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குரிய 'ட்ரைகா' கார்பைனை அறிமுகப்படுத்தியது.

இன்று கட்டையைத் தேர்பவர் எதிர்கொள்ளும் அளவுச் சிக்கல் பழையதே, காரணம் மட்டும் புதிது. முன்பு ஆளுக்கு ஆள் உடல் வேறுபட்டது. இப்போது ஒரே ஆளின் உடலே மாறுகிறது. குண்டு துளைக்காக் கவசம் அணிந்தால் தோளுக்கும் விசைக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கும் மேற்பட்ட தடிப்பு சேரும். கட்டையை அந்த அளவு குறைக்க வேண்டும். ஜெய்சல்மேரின் கோடையில் மெல்லிய சட்டையோடு நிற்கும் வீரரே அடுத்த பணிக்காலத்தில் சியாச்சினில் பஞ்சுப்பொதியாக நிற்கக்கூடும். பாண்டம் அளவும் நீளளவும் ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டில் தேவைப்படுகின்றன. காஷ்மீரிலும் பிற இடங்களிலும் பயன்படும் பழைய ஏகே துப்பாக்கிகளின் நிலைக்கட்டைகளைக் கழற்றிவிட்டு நீளம் மாறும் கட்டைகளைப் பொருத்தும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியதற்கு இதுவே காரணம். குழலும் பொறியும் அப்படியே இருக்க, தோள் தொடும் இடம் மட்டும் புதிதாகிறது.

இம்மாற்றத்தில் கைவிடப்பட்டது தடியின் பணி. உள்ளீடற்ற பலபடிப்பொருளும் மெல்லிய அலுமினியக் குழாயும் கொண்ட கட்டையை ஓங்கி அடித்தால், பூட்டுப் பல் உடைந்து, அடுத்த வேட்டுக்குத் தோளில் வைக்க எதுவும் இராது. முப்பது தோட்டா நிரம்பிய கூட்டைச் சில நொடிகளில் மாற்றவல்ல வீரருக்கு அப்படி அடிக்கும் தேவையும் குறைந்துவிட்டது. செய்திகளில் அச்சொல் இன்னும் வருகிறது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சோதனைச்சாவடியில், ஒருவர் 'துப்பாக்கிக் கட்டையால்' தாக்கப்படுகிறார். இந்தியக் கார்பைனின் கட்டையில் மரம் இல்லாது போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.